நாயின் தோலுக்கு அடியில் கொழுப்புக் கட்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேற்கு மாம்பலத்தில் நான் நடத்தும் சிறிய கால்நடை மருத்துவமனையில், தடுப்பூசிக்கும் உண்ணிக் காய்ச்சலுக்கும் அடுத்தபடியாக அதிகம் பேசப்படுவது கட்டிகளைப் பற்றித்தான். பெரும்பாலும் வேறு எதற்கோ வந்தவர்கள், கிளம்பிக் கதவருகே போன பிறகு திரும்பி வந்து, "டாக்டர், இன்னொரு சந்தேகம்" என்று நாயின் விலாவைத் தொட்டுக் காட்டுவார்கள். நின்றபடி சொல்லும் பதில் அரைகுறையாகத்தான் போய்ச் சேர்கிறது. ஆகவே கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே கேள்விகளை எழுதி, உட்கார்ந்து சொல்லியிருக்க வேண்டிய பதில்களைக் கீழே தந்திருக்கிறேன்.

குளிப்பாட்டும்போது விலாப் பக்கம் ஒரு உருண்டை கையில தட்டுப்படுது டாக்டர். என்ன அது?

கொழுப்புக் கட்டியாக இருக்க வாய்ப்பு அதிகம். மருத்துவத்தில் லைப்போமா என்று சொல்லப்படும் இது, தோலுக்கு அடியில் உள்ள கொழுப்புச் செல்கள் ஓரிடத்தில் அளவுக்கு மீறிப் பெருகி, மெல்லிய உறைக்குள் உருண்டையாகத் திரள்வதால் உண்டாவது. இது புற்றுநோய் அல்ல. மற்ற உறுப்புகளுக்குப் பரவாது. பக்கத்து வீட்டு நாய்க்கோ வீட்டில் இருப்பவர்களுக்கோ தொற்றவும் செய்யாது. நடுவயதைத் தாண்டிய நாய்களின் விலா, மார்பின் அடிப்பகுதி, வயிறு, அக்குள், தொடை ஆகிய இடங்களில் இதை அதிகம் பார்க்கிறோம். லேப்ரடார், டாபர்மேன், காக்கர் ஸ்பானியல் இனங்களில் இது கூடுதல் என்றாலும், சிப்பிப்பாறை போன்ற ஒல்லியான நாய்க்கு வரவே வராது என்று சொல்ல முடியாது.

பிசைந்த மைதா மாவு உருண்டையைத் துணிக்கு அடியில் வைத்து அழுத்தினால் எப்படி இருக்குமோ, ஏறக்குறைய அப்படித்தான் கைக்குத் தெரியும். விரலால் தள்ளினால் நழுவும். கோலிக்குண்டு அளவில் ஆண்டுக்கணக்கில் அப்படியே இருப்பதும் உண்டு, தேங்காய் அளவுக்கு வளர்வதும் உண்டு.

வலி இல்லை, நல்லா சாப்பிடுது, ஓடுது. அப்போ கொழுப்புக் கட்டிதானே?

இந்த இடத்தில் நான் செய்த ஒரு தவற்றைச் சொல்லிவிடுவது நல்லது. சில ஆண்டுகளுக்கு முன் ஏழு வயது ஆண் லேப் ஒன்றின் தோள்பட்டைக்குக் கீழே எலுமிச்சை அளவில் ஒரு கட்டி இருந்தது. மிருதுவாக இருந்தது, நழுவியது, தொட்டபோது நாய் வாலை ஆட்டியது. "கொழுப்புதான், விடுங்கள்" என்று நானே சொல்லி அனுப்பினேன். எட்டு மாதம் கழித்து வேறு காரணத்துக்காக வந்தபோது, அந்த வீட்டு அம்மா, "சில நாள் பெருசா இருக்கு, சில நாள் சின்னதாயிடுது" என்று போகிறபோக்கில் சொன்னார். கொழுப்பு அப்படி நாளுக்கு நாள் ஏறி இறங்காது. அன்றே ஊசி குத்திப் பார்த்ததில் அது மாஸ்ட் செல் புற்று என்று தெரிந்தது.

மாஸ்ட் செல் புற்று நாய்களின் தோலில் அதிகம் காணப்படும் புற்றுநோய்களில் ஒன்று. அந்தச் செல்களுக்குள் ஹிஸ்டமின் போன்ற பொருள்கள் அடைபட்டிருக்கின்றன. அவை வெளியேறும்போது கட்டி வீங்கும், பிறகு வற்றும். தோலுக்கு அடியில் வளரும் வகை, கைக்குக் கொழுப்புக் கட்டியைப் போலவே மிருதுவாக இருக்கும். மென்திசுப் புற்று என்ற இன்னொரு வகையும் வலியில்லாமல், நாயின் பசியைக் கெடுக்காமல் வளரும். ஆகவே வலி இல்லை என்பதையும் நன்றாகச் சாப்பிடுகிறது என்பதையும் வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது. அந்த லேபுக்குப் பிறகு, எவ்வளவு அனுபவம் உள்ள விரலாக இருந்தாலும், விரலை மட்டும் நம்பி நான் பதில் சொல்வதில்லை.

வயித்துல சின்னச் சின்னதா வரிசையா இருக்கு. இதெல்லாம் கட்டியா, உண்ணியா?

பாதி நேரம் அவை முலைக்காம்புகள். ஆண் நாய்க்கும் இரண்டு வரிசையில் எட்டு அல்லது பத்து காம்புகள் உண்டு என்பது பலருக்குப் புதுச் செய்தியாக இருக்கிறது. உண்ணி என்று நினைத்து இடுக்கியால் பிடுங்கப் பார்த்துப் புண்ணாக்கி அழைத்து வந்தவர்களும் உண்டு. இரத்தம் குடித்து உப்பிய உண்ணி சாம்பல் நிறத்தில் கொட்டைமுத்து போல இருக்கும். முடியை விலக்கி டார்ச் அடித்துப் பார்த்தால் தோலை ஒட்டி அதன் கால்கள் தெரியும்.

தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும், தோளுக்கு முன்னால், பின்னங்கால் முட்டிக்குப் பின்னால் என்று ஒரே மாதிரி உருண்டைகள் இருந்தால் அவை நிணநீர்க் கணுக்களாக இருக்கலாம். சென்னையில் உண்ணிக் காய்ச்சலாலும் அவை வீங்கும், லிம்ஃபோமா என்னும் புற்றாலும் வீங்கும். அவற்றைக் கொழுப்பு என்று எண்ணித் தள்ளிப்போடக் கூடாது.

ஊசி குத்திப் பார்க்கணும்னு சொல்றீங்க. மயக்கம் கொடுக்கணுமா?

பெரும்பாலும் தேவையில்லை. தடுப்பூசி போடும் அளவு மெல்லிய ஊசியைக் கட்டிக்குள் செலுத்தி, இரண்டு மூன்று கோணங்களில் நகர்த்தி, உள்ளே சிக்கியதைக் கண்ணாடித் தகட்டில் ஊதிப் பரப்பி, சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்ப்பதுதான் முழுச் சோதனையும். யாராவது ஒருவர் தலைப்பக்கம் பிடித்துக்கொண்டு காதைச் சொறிந்து கொடுத்தால் பெரும்பாலான நாய்கள் கவனிப்பதுகூட இல்லை.

கொழுப்பாக இருந்தால் தகட்டைப் பார்த்ததுமே ஓரளவு தெரிந்துவிடும். மற்ற மாதிரிகள் ஓரிரு நிமிடங்களில் காய்ந்து மங்கிவிடும். கொழுப்போ, ரசத்தின் மேல் மிதக்கும் எண்ணெயைப் போலக் குட்டிக் குட்டித் துளிகளாகப் பளபளத்துக்கொண்டு காயாமலே இருக்கும். சாயத்தில் உள்ள மெத்தனால் கொழுப்பைக் கரைத்துவிடுவதால், சாயமிட்ட பிறகு சில சமயம் தகடு காலியாகவே காட்சியளிக்கும். அதில் தங்கிய செல்கள் பெரிதாக, உள்ளே ஒன்றுமில்லாததுபோலத் தெளிவாக இருக்கும். கரு ஓரத்தில் ஒதுங்கிக் கிடக்கும். மாஸ்ட் செல்களாக இருந்தால் ஊதா நிறத் துகள்கள் மணல் இறைத்தாற்போல் நிறைந்திருக்கும். ஆர்வமாகக் கேட்பவர்களை நான் நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்வதுண்டு. ஒருமுறை பார்த்தவர்கள் அடுத்த கட்டிக்குத் தாங்களாகவே ஊசி கேட்கிறார்கள்.

ஊசி குத்தினா கேன்சர் பரவிடும்னு வாக்கிங்ல ஒருத்தர் சொன்னாரு.

தோல் கட்டிகளில் அப்படி நடப்பது மிக மிக அரிது. சிறுநீர்ப்பைப் புற்று போன்ற ஓரிரு இடங்களில் மட்டுமே ஊசி சென்ற பாதையில் செல்கள் ஒட்டிக்கொள்ளும் ஆபத்தைக் கருதி எச்சரிக்கையாக இருக்கிறோம். மாஸ்ட் செல் கட்டியில் குத்தினால் ஹிஸ்டமின் வெளிப்பட்டு அந்த இடம் சற்று நேரம் சிவந்து வீங்கலாம். அதற்கு மருந்து உண்டு.

கட்டி என்னவென்று அறியாமல் அறுப்பதில்தான் உண்மையான ஆபத்து இருக்கிறது. கொழுப்புக் கட்டியை உறையோடு தோண்டி எடுத்தால் போதும். மாஸ்ட் செல் புற்றானால் சுற்றிலும் 2 முதல் 3 செ.மீ. வரை நல்ல தோலையும், அடியில் ஓர் அடுக்குத் திசுவையும் சேர்த்தே எடுப்பது வழக்கம். கொழுப்பு என்று எண்ணித் தோண்டியபின் புற்று என்று தெரியவந்தால், அந்த நாய்க்கு இரண்டாவது முறை, முதலில் தேவைப்பட்டதைவிடப் பெரிய அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டிவரும்.

ரிப்போர்ட்ல கொழுப்புன்னு வந்துடுச்சு. நூறு சதவீதம் நம்பலாமா?

நம்பலாம், ஒரு நிபந்தனையோடு. தோலுக்கு அடியில் இயல்பாக உள்ள கொழுப்பும் கட்டியின் கொழுப்பும் நுண்ணோக்கியில் ஒன்றுபோலவே தோன்றும். ஊசி கட்டிக்குள் போகாமல் பக்கவாட்டில் போயிருந்தாலும் "கொழுப்பு" என்றே வரும். அதனால் சிறிய கட்டியானால் இரண்டு மூன்று இடங்களில் குத்தி எடுக்கிறோம். தசைக்குள் ஊடுருவி வளரும் கொழுப்புக் கட்டியையும் ஊசியால் பிரித்தறிய முடியாது. அதைப் பிறகு சொல்கிறேன்.

கொழுப்புதான்னா எடுக்கணுமா, விட்டுடலாமா?

பெரும்பாலானவற்றை விட்டுவிடலாம். அக்குளில் வளர்ந்து நடையைக் கெடுப்பது, கழுத்துப் பட்டையோ மார்புப் பட்டையோ உரசிப் புண்ணாவது, படுத்து எழும்போது தரையில் தேய்வது, சில மாதங்களிலேயே இரண்டு மடங்காவது ஆகியவை எடுப்பதற்கான காரணங்கள். அக்குளும் தொடையிடுக்கும் இடம் குறுகியவை என்பதால் அங்கே உள்ளதைச் சிறிதாக இருக்கும்போதே எடுப்பது எளிது. வீட்டுக்கு வருபவர்கள் கேட்கிறார்கள் என்பதற்காக மட்டும் எடுக்கச் சொல்பவர்களுக்கு நான் சம்மதிப்பதில்லை. நாய்க்கு அழகைப் பற்றிய கவலை கிடையாது.

நெய் சாதம் போட்டதாலதான் வந்துச்சா? நிறுத்தினா கரைஞ்சிடுமா?

நெய்யே நேராகக் கட்டியாக மாறுவதில்லை. ஆனால் உடல் பருத்த நாய்களில் இக்கட்டிகள் கூடுதலாகக் காணப்படுகின்றன என்பது உண்மை. நம் ஊர் அடுக்குமாடி வீடுகளில் 30 கிலோ இருக்க வேண்டிய லேப் 42 கிலோ இருப்பது சாதாரணம். ஒரு மேசைக்கரண்டி நெய்யில் சுமார் 120 கலோரி இருக்கிறது. 30 கிலோ நாயின் ஒரு நாள் தேவை ஏறக்குறைய 1,200 கலோரி என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரு கரண்டியே பத்தில் ஒரு பங்கு. அதற்குமேல் காலை டீயோடு தாத்தா கொடுக்கும் பிஸ்கட், மாலையில் பாட்டி கொடுக்கும் இட்லி என்று கணக்கில் வராதவை பல. இருவரும் தாம் ஒன்றே ஒன்றுதான் கொடுத்ததாகச் சொல்வார்கள். இருவர் சொல்வதும் உண்மைதான்.

எடை குறைந்தாலும் கட்டி முழுதாகக் கரையாது. ஓரளவு சுருங்கலாம், சுற்றியுள்ள கொழுப்பு குறைவதால் முன்பைவிடத் துருத்திக்கொண்டு தெரிவதும் உண்டு. அதைப் பார்த்துக் கட்டி வளர்ந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். லேப்களின் தீராப் பசிக்கு மரபணுவும் ஒரு காரணம்: கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ நான்கில் ஒரு லேபுக்குப் பசியடக்கும் மரபணு ஒன்றில் குறை இருப்பதாகக் கண்டார்கள். ஆகவே கெஞ்சும் கண்களைப் பார்த்துச் சோற்றின் அளவை முடிவு செய்யாதீர்கள்.

விளக்கெண்ணெய் தடவலாமா? மஞ்சளும் சுண்ணாம்பும் பத்து போட்டா அமுங்கும்னு அம்மா சொல்றாங்க.

வேண்டாம். தோலுக்கு அடியில் உறைக்குள் இருக்கும் கொழுப்பை மேலே தடவும் எதுவும் எட்டாது. சுண்ணாம்பு நாயின் தோலைப் புண்ணாக்கிவிடும். நக்கினால் வாயும் வெந்துபோகும். இன்னும் மோசமானது சூடு வைத்து அழுத்தித் தேய்ப்பது. இரண்டாம் கேள்வியில் சொன்ன மாஸ்ட் செல் கட்டியாக இருந்துவிட்டால், தேய்க்கத் தேய்க்க ஹிஸ்டமின் வெளியேறி, இரைப்பையில் புண்ணாகி வாந்தியும் கருமையான மலமும் போகக்கூடும்.

ஊசி மருந்து போட்டுக் கரைக்க முடியாதா? மனுஷங்களுக்கு உறிஞ்சி எடுக்கறாங்களே?

ஸ்டீராய்டு வகை மருந்தைக் கட்டிக்குள்ளேயே செலுத்திச் சுருக்கும் முறை இருக்கிறது. சில கட்டிகள் மறைந்ததும் உண்டு. ஆனால் சில நாள்களுக்கு நாய் அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்து, வீடெல்லாம் சிறுநீர் கழிக்கலாம். உறிஞ்சி எடுக்கும் முறையில் உறை உள்ளேயே தங்கிவிடுவதால் கட்டி திரும்ப வளரும் வாய்ப்பு உண்டு. அறுவைச் சிகிச்சை தாங்காத நாய்க்கு மட்டுமே இவற்றை நான் யோசிப்பேன்.

ஏற்கெனவே மூணு இருக்கு, மூணும் கொழுப்புன்னு வந்துச்சு. நாலாவதுக்கும் ஊசியா?

ஆம், நாலாவதுக்கும்தான். ஒரே நாயின் உடம்பில் ஐந்து கொழுப்புக் கட்டிகளுக்கு நடுவே ஆறாவதாக ஒரு மாஸ்ட் செல் கட்டி இருக்கலாம். முதல் ஐந்தின் முடிவு ஆறாவதற்குச் செல்லாது. பட்டாணியைவிடப் பெரிதாக, அதாவது ஏறக்குறைய 1 செ.மீ. அளவைத் தாண்டி, ஒரு மாதத்துக்கு மேல் நிற்கும் எந்தப் புதிய கட்டியையும் ஊசி குத்திப் பார்க்க வேண்டும் என்பதே நான் பின்பற்றும் கணக்கு.

வீட்டில் ஒரு நோட்டில் நாயின் உருவத்தை இரு பக்கமும் கோடாக வரைந்து, கட்டி உள்ள இடத்தில் புள்ளியிட்டு, தேதி, தையல்காரர் டேப்பால் அளந்த அளவு, ஊசி முடிவு ஆகியவற்றைப் பக்கத்தில் எழுதி வையுங்கள். மாதம் ஒருமுறை அளந்தால் போதும். தினமும் தொட்டுப் பார்ப்பவருக்கு வளர்ச்சி தெரியாது.

வயசு பன்னிரண்டாச்சு. மயக்க மருந்து தாங்குமா டாக்டர்?

வயது ஒன்றே தடையல்ல. இதயம், சிறுநீரகம், கல்லீரல், இரத்த அணுக்களின் எண்ணிக்கை ஆகியவை எப்படி இருக்கின்றன என்பதே முக்கியம். நம் ஊரில் ஒன்றைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டியிருக்கிறது. உண்ணியால் பரவும் எர்லிக்கியா என்ற கிருமி, வெளியே தெரியாமல் உடலில் தங்கி, இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களைக் குறைத்துவிடும். அப்படிப்பட்ட நாயை மேசையில் ஏற்றினால் இரத்தக் கசிவு நிற்காது. ஆகவே தட்டணு எண்ணிக்கை பார்க்காமல் நான் கத்தியை எடுப்பதில்லை. குறைவாக இருந்தால் முதலில் காய்ச்சலுக்கு வைத்தியம், பிறகே கட்டி. அவசரமில்லாத அறுவைச் சிகிச்சையை அக்கினி நட்சத்திர நாள்களில் தவிர்த்துவிட்டு மார்கழி, தை மாதங்களுக்குத் தள்ளிவைப்பதும் என் வழக்கம். பருத்த நாய்கள் வெயிலில் படும் பாடு அப்படி.

ஆப்பரேஷன் முடிஞ்சு நாலாவது நாள் அதே இடத்துல தளதளன்னு வீங்கியிருக்கு. திரும்ப வந்துடுச்சா?

நான்கு நாளில் கட்டி வளராது. பெரிய கட்டியை எடுத்தபின் உள்ளே காலியாகும் இடத்தில் நிணநீர் சேர்வதுதான் அது. சிறிதாக இருந்தால் தானாக வற்றும். பெரிதாக இருந்தால் அழுத்திக் கட்டுப் போடுவோம், சில நேரம் வடிகுழாய் வைப்போம். வீட்டில் குத்தி எடுக்கக் கூடாது. அந்த இடம் சூடாகச் சிவந்தாலோ, நாற்றமடித்தாலோ, நாய் சாப்பாட்டை ஒதுக்கினாலோ அன்றே அழைத்து வர வேண்டும். தையல் பிரிக்கும் பத்து முதல் பதினான்கு நாள்கள் வரை, தையலை நாய் நக்காமலிருக்க மாட்டிவிடும் கழுத்துக் கூம்பைக் கழற்றாதீர்கள். "பாவமா இருக்கு" என்று இரவில் கழற்றிய வீடுகளிலிருந்துதான் காலையில் எனக்குத் தொலைபேசி வரும்.

எடுத்த கட்டியை, அதைப்போல் பத்து மடங்கு ஃபார்மலினில் போட்டுத் திசுப் பரிசோதனைக்கு அனுப்பச் சொன்னால், தூக்கிப் போடப்போகும் பொருளுக்கு எதற்குச் செலவு என்று கேட்கிறார்கள். ஊசியில் கிடைப்பது சில செல்கள். திசுப் பரிசோதனையில் கட்டியின் அமைப்பே தெரியும். அடுத்த கேள்விக்கு விடை அங்கேதான் கிடைக்கும்.

ஒரு வருஷத்துல அதே இடத்துல நிஜமாவே வளர்ந்துடுச்சு. சரியா எடுக்கலையா?

சாதாரணக் கொழுப்புக் கட்டி உறையோடு வந்துவிட்டால் அதே இடத்தில் மீண்டும் வருவது அபூர்வம். திரும்ப வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது, முன்பு சொன்ன ஊடுருவும் வகையை. அதன் செல்கள் பார்க்கச் சாதுவானவை. தூரத்து உறுப்புகளுக்குப் பரவுவதில்லை. ஆனால் உறை இல்லாமல் தசை நார்களுக்கு இடையே வேர்போல் இறங்கும். கண்ணுக்குத் தெரிந்ததை எல்லாம் எடுத்தாலும் சில இழைகள் தங்கிவிடும் என்பதால், மூன்றில் ஒன்றுக்குமேல் மீண்டும் வளர்வதாகப் பாடநூல்கள் சொல்கின்றன. எனவே மறுமுறை கத்தி வைக்கும் முன் சி.டி. ஸ்கேன் எடுத்து எல்லையைத் தெரிந்துகொள்வது அவசியம்.

பின்தொடையில், இரண்டு தசைகளுக்கு நடுவே வளரும் இன்னொரு வகையும் உண்டு. தொடை ஒருபக்கம் பெருத்து, தொட்டால் கெட்டியாக இருப்பதால் பயமுறுத்தும். ஆனால் அது தசைக்குள் ஊடுருவாமல் இடைவெளியில் மட்டும் வளர்வதால் எடுப்பது எளிது. திரும்ப வருவதும் குறைவு.

பெண் நாய்க்கு முலையை ஒட்டி இருக்கு. இதுவும் கொழுப்புதானா?

முலை வரிசையில் உள்ள கட்டியை, கருத்தடை செய்யாத பெண் நாயில், கொழுப்பு என்று அனுமானிக்கவே கூடாது. நாய்களின் முலைக் கட்டிகளில் ஏறக்குறைய பாதி புற்றாக இருக்கின்றன. இங்கே ஊசி முடிவு அவ்வளவு துல்லியமாக இருப்பதில்லை. மார்பு எக்ஸ்ரே எடுத்துவிட்டுக் கட்டியை நீக்கித் திசுவைச் சோதிப்பதே வழி. தொடையிடுக்கில் மிருதுவாக இருந்தால் குடலிறக்கமாகவும் இருக்கலாம். குடலோ கருப்பையோ அதற்குள் இறங்கியிருக்கக்கூடும் என்பதால், ஸ்கேன் பார்க்காமல் அங்கே ஊசியை நுழைப்பதில்லை.

எங்க தெருவுல சோறு வைக்கற நாய்க்கும் கட்டி இருக்கு. எங்க காட்டறது?

தெரு நாய்களில் கொழுப்புக் கட்டி எனக்குக் குறைவாகவே தென்படுகிறது. அவை ஓடித் திரிபவை. பிறப்புறுப்பிலோ மூக்கிலோ பூக்கோசுபோலச் சிவந்து, இரத்தம் கசியும் கட்டி என்றால் அது இணைசேர்தல், முகர்தல், நக்குதல் வழியாக நாய்க்கு நாய் தொற்றும் புற்றாக இருக்கலாம். நோயுற்ற நாயின் புற்றுச் செல்களே அடுத்த நாயில் ஒட்டிக்கொண்டு வளரும் விசித்திரமான நோய் இது. வாரம் ஒருமுறை வின்கிரிஸ்டின் மருந்தைச் சில வாரங்கள் நரம்பில் செலுத்தினால் பெரும்பாலும் குணமாகிவிடும். 1903-இல் தொடங்கிய, வேப்பேரியில் உள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்குக் கொண்டுபோகலாம். கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்விடுங்கள், வாய்க்கட்டு மறக்காதீர்கள்.

நாலு வருஷமா அப்படியே இருந்த கொழுப்புக் கட்டி ஒரு மாசத்துல கெட்டியாகி, பெருசாயிடுச்சு. கேன்சரா மாறிடுச்சா?

கொழுப்புக் கட்டி புற்றாக உருமாறுவது வழக்கமில்லை. லைப்போசார்க்கோமா என்ற கொழுப்புத் திசுப் புற்று இருக்கிறது என்றாலும், அது பெரும்பாலும் தொடக்கத்திலிருந்தே தனியாகத் தோன்றுவது. உங்கள் நாய்க்கு மூன்றில் ஒன்று நடந்திருக்கலாம்: கட்டியின் நடுப்பகுதிக்கு இரத்த ஓட்டம் போதாமல் கொழுப்பு செத்துக் கெட்டியாகியிருக்கலாம், எங்காவது இடித்து உள்ளே இரத்தம் கட்டியிருக்கலாம், அல்லது பழைய கட்டிக்குப் பக்கத்திலேயே வேறொரு கட்டி வளர்ந்து, இரண்டும் கைக்கு ஒன்றாகத் தெரியலாம்.

நான்கு ஆண்டுகளுக்கு முந்தைய ஊசி முடிவு அன்றைய கட்டிக்கு மட்டுமே செல்லும். நோட்டில் அளவு எழுதி வைத்திருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு இந்த வாரத்துக்குள் வாருங்கள். பழைய இடத்திலும், கெட்டியான இடத்திலும், இரண்டுக்கும் நடுவிலும் தனித்தனியாகக் குத்தி மூன்று தகடுகள் எடுப்போம்.